உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு

மட்டன் குழம்புக்கு உப்பை முதலிலேயே போடக் கூடாது. கறி வெந்து, தேங்காய் அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்த பிறகுதான் போட வேண்டும். இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். நடந்தது எல்லாமே உப்பில்தான் ஆரம்பித்தது.

என் பெயர் மரிய அந்தோணி. வயது ஐம்பத்து நாலு. திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிற ராணி மெஸ் என்னுடையது. ஸ்டேஷன் ரைட்டர் எழுதினால் நாலு வரியில் சுருக்கிவிடுவார் என்று இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் பேப்பர் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை கறி கெட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

கொரோனா ரெண்டாவது அலையில் எனக்கும் காய்ச்சல் வந்தது. பதினைந்து நாளில் எழுந்துவிட்டேன். நாக்கு மட்டும் எழவில்லை, மூக்கும் அப்படித்தான். ஆறு மாதத்தில் வந்துவிடும் என்றார் டாக்டர். நாலு வருஷம் ஆகிறது. வெங்காயம் வதங்குவதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வேன். மீன் புதுசா என்பதை விரலால் அமுக்கித் தெரிந்துகொள்வேன். உப்பை அப்படிப் பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது.

இது என் மனைவி ஜெயராணிக்கு மட்டும்தான் தெரியும். வெளியில் சொல்ல முடியுமா? எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் ஆயிரம் பேருக்கு அசனச் சாப்பாடு ஆக்கினவன் நான். அண்டாவைத் திறந்ததுமே வாசனையை வைத்துக் குறை சொல்லிவிடுவான் என்று பேர் எடுத்தவன். அப்படிப்பட்ட மாஸ்டருக்கு நாக்கு செத்துவிட்டது என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும். சிரித்தால்கூடப் பரவாயில்லை, பாவம் என்பார்கள். எனக்கு அது ஆகாது.

ஆகவே ஒரு வழி செய்துகொண்டோம். தினமும் பதினொரு மணிக்கு ஜெயராணி அடுப்படிக்கு வருவாள். கரண்டியால் எடுத்து அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவேன். நக்கிப் பார்த்துவிட்டு என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாள். "அரைக் கை உப்பு போடுங்க. புளி இன்னுங் கொஞ்சம் கொதிக்கட்டும்." இரண்டாவது மாஸ்டர் அழகுமலை, பொண்டாட்டிக்கு முதல் ருசி கொடுக்கிறார், இந்த வயதிலும் என்ன பாசம் என்று பிறரிடம் சொல்லிச் சிரிப்பான். நான் மறுக்கவில்லை.

அந்த நாலு வருஷத்தில் அவள் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. அவள் தங்கச்சி மகள் கல்யாணம் கறம்பக்குடியில் நடந்தது. கோயிலில் பூசை முடிந்த கையோடு நான் நிறுத்தி வைத்திருந்த காரில் ஏறி வந்துவிட்டாள். சாப்பிடக்கூட இல்லை. பட்டுச்சேலையோடு வந்து கையை நீட்டினாள். நான் மட்டும் எங்கே போனேன்? இரண்டு பேரும் ஒரே முளையில் கட்டின மாடுகள்தான். என் கயிறு கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

அவள் நாக்கு போக எனக்கு இன்னொரு நாக்கு இருந்தது. அது போன். சாப்பிட்டுப் போகிறவர்கள் நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதுகிறார்கள் அல்லவா, அது. ராணி மெஸ்ஸுக்கு நாலு புள்ளி ஒன்று. என் சமையல் எப்படி இருக்கிறது என்று எனக்கே அதைப் பார்த்தால்தான் தெரியும். ஃபேன் ஓடவில்லை, பரிமாறுகிறவர் முறைக்கிறார், எலை கிழிந்திருந்தது என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். உப்பு என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுவேன். அதில் நான் பெரிதும் மதித்தது சோலையப்பன் சார் எழுதுவதை. ரிடையர்டு டிராயிங் மாஸ்டர். ஆறு வருஷமாக மூலை டேபிள் அவருக்குத்தான். மாதம் இரண்டு தடவை, புள்ளி கமா தப்பாமல் எழுதுவார்.

போனைப் பார்த்துப் பார்த்து ஒன்று கண்டுபிடித்தேன். குறை வருவது பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். ஜெயராணியிடம் கேட்டேன்.

"வெள்ளிக்கிழம சுத்தபோசனமுங்க. கறி நாக்குல படக் கூடாது. அன்னைக்கு ஒரு குத்துமதிப்பாத்தான் சொல்றேன்" என்றாள்.

"முழுங்க வேணாம். வச்சுப் பாத்துட்டுத் துப்பிரு."

முந்தானையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அப்படியே செய்தாள். தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிற நாளிலும் வெறும் வயிற்றோடு வந்து நக்கிவிட்டுத் துப்பினாள். அதை மாதாமாதம் கோயிலில் பாவசங்கீர்த்தனமாகவும் சொன்னாள். ஒரு நாள் வந்து, "சாமியார் கேக்குறாரு, ஏம்மா ஒவ்வொரு தடவையும் இதே பாவத்தையே சொல்ற, நிப்பாட்ட முடியாதான்னு. முடியாது சாமின்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனை பெண்கள் புருஷனுக்காகப் பாவத்தைச் சுமப்பார்கள்?

போன வருஷம் குவைத்தில் இருக்கிற எங்கள் மகள் ரீட்டாவுக்கு இரண்டாவது பிரசவம். அம்மா வந்து மூன்று மாதம் இருக்க வேண்டும் என்று விசா, டிக்கெட் எல்லாம் அனுப்பிவிட்டாள். ஜெயராணி சிவப்பில் ஒரு பெட்டி வாங்கினாள். பூண்டு லேகியம் கிண்டி டப்பாவில் அடைத்தாள். உள்ளங்கைச் சொட்டை நக்கும்போதே அவள் மனசு ஏரோப்பிளேனில் இருந்தது.

"மூணு மாசந்தாங்க. அழகுமலைட்ட சொல்லிருங்க. நல்ல பய, வெளிய விட மாட்டான்" என்றாள்.

யோசிப்போம் என்றேன். யோசித்தும் பார்த்தேன். அழகுமலைக்குத் தெரிந்தால் அன்றோடு அவன்தான் மாஸ்டர். நான் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுக்க வேண்டும். அவளை வேண்டாம் என்று தடுக்கவும் முடியாது, மகள் பிரசவம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. அதை இன்ஸ்பெக்டர் அம்மா புரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் அடுப்படிக்குப் பின்னால் மூன்று படி இறங்கினால் கருவேப்பிலை மரம். காலையில் கருவேப்பிலை பறிக்க ஜெயராணிதான் இறங்குவாள். சோறு வடித்த கஞ்சியைத் தொட்டியில் கொட்டுவது வழக்கம். ஒரு திங்கட்கிழமை நான் அதை நடுப்படியில் கொட்டினேன். நான் செய்தது இவ்வளவுதான். மேல்படியில் கொட்டியிருக்கலாம், தலையில் அடிபட்டுவிடும் என்று தவிர்த்தேன். வழுக்கி விழுந்ததில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு உடைந்தது. நானே தூக்கி ஆட்டோவில் போட்டேன், ஆஸ்பத்திரியில் நானே உடனிருந்தேன், ரீட்டாவுக்கு நானே போன் செய்து தேற்றினேன். பிளேட் வைத்தார்கள். டிக்கெட் வீணாகிவிட்டது. நாக்குக்குக் கால் தேவையில்லை.

வீடு மாடியில். படி ஏற முடியாதே என்று அடுப்படிக்குப் பக்கத்தில் அரிசி மூட்டை அடுக்குகிற அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தேன். பதினொரு மணிக்கு நானே கரண்டியோடு போவேன். நாலாவது மாதம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். ரீட்டா மறுபடியும் டிக்கெட் பேச்சை எடுத்தாள். மறுபடி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று வாக்கரைப் பரணில் ஏற்றினேன். பெருச்சாளி வருகிறது என்று கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அவள் போனில் சார்ஜ் நிற்கவில்லை என்று அதையும் அவளிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். விழுந்ததிலிருந்து அவளுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறுகிறது என்று அழகுமலையிடம் சொன்னேன். அவன் உச்சுக்கொட்டினான்.

ஒரு நாள் கையை நீட்டிக்கொண்டே கேட்டாள். "அன்னைக்குக் கஞ்சி எப்பிடிங்க படிக்கு வந்துச்சு?"

"எலை போட நேரமாச்சு, உப்பைச் சொல்லு" என்றேன்.

"கால் கை போடுங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை.

எனக்கு அதிலிருந்துதான் நிம்மதி போனது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தவள் ஏன் எனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்? அரைக் கை தேவைப்படுகிற இடத்தில் கால் கை என்று சொன்னால் நான் என்ன கண்டேன்? போனை முன்னைவிட அதிகமாகப் பார்த்தேன். அதே வாரம் சோலையப்பன் சார் எழுதியிருந்தார்: 'சமீப காலமாக உப்பு தூக்கல். மாஸ்டர் கவனிக்கவும்.' அதே நாள், அதே குழம்புக்கு ஒரு லாரி டிரைவர் உப்பே இல்லை என்று ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். நான் படித்தவர் சொன்னதை எடுத்துக்கொண்டேன். ஜெயராணி அரைக் கை என்றால் கால் கை போட்டேன். வேண்டாம் என்றால் கொஞ்சம் போட்டேன். குறைகள் கூடின. நாலு புள்ளி ஒன்று மூன்று புள்ளி நாலுக்கு வந்தது.

"நான் சொன்னபடி போட்டீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். போட்டேன் என்றேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை பராமரிப்பு வேலை என்று கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் முப்பது கிலோ கறி. ஞாயிறு மதியம் ஒரு ஞானஸ்நான விருந்துக்கு அறுபது பேர் சொல்லி வைத்திருந்தார்கள். போதாததற்கு வழக்கமாக வருகிறவர்கள்.

பதினொரு மணிக்குக் கரண்டியோடு போனேன். ஜெயராணி கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பாதியிலேயே மூக்கைச் சுளித்தாள். பிறகு என்னைத் திருப்திப்படுத்த நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"கெட்டுப்போச்சுங்க. அம்புட்டையும் கொட்டிருங்க. பச்சப்புள்ளைக வரும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அறுபது பேர் வருகிற நாளில், கறியில்லாமல் எலை போட வைத்து, என்னைத் தலைகுனிய வைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று முதலில் இன்ஸ்பெக்டர் அம்மாவிடமும் சொன்னேன். அடுப்படிக்குத் திரும்பினால் அழகுமலை, "அண்ணே, ஒரு மாதிரி வாடை வருதே" என்றான். "புது மசாலா" என்றேன். "நீங்க சொன்னாச் சரிண்ணே" என்றான். என் மூக்குக்கு அவனிடம் அவ்வளவு மரியாதை இருந்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். காலையில் கறியை அலசும்போது விரலில் வழவழவென்று ஒட்டியது. முப்பது வருஷம் கறி அலசின கை. கைக்குத் தெரிந்தது. கைக்குத் தெரிந்தால் எனக்குத் தெரிந்த மாதிரிதான். ஆனால் பதினொரு மணிக்கு மேல் அதைக் கொட்ட முடியாமல் போய்விட்டது. கொட்டினால் அவள் உண்மை சொன்னதாக ஆகிவிடும். இதில் உண்மை சொல்கிறவள் எல்லாவற்றிலும் உண்மை சொல்கிறவள். கஞ்சியைப் பற்றி அவள் கேட்டது அப்படியே நடுவில் வந்து நிற்கும். அதனால் உப்பை நானே குத்துமதிப்பாகக் குறைத்துப் போட்டுவிட்டு எலை போடச் சொன்னேன்.

மூன்று மணிக்குச் சோலையப்பன் சார் எழுதினார். ஐந்து நட்சத்திரம். 'பல மாதங்களுக்குப் பிறகு உப்பு அளவாக இருந்தது. மாஸ்டருக்கு வாழ்த்துகள்.' எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு போய் ஜெயராணியிடம் காட்டினேன்.

படித்துவிட்டு, "கொட்டலையா?" என்றாள்.

நான் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்ததும் சாப்பாட்டுத் தட்டால் கதவை அடிக்க ஆரம்பித்தாள். விடாமல் அடித்தாள். வாசலில் பூக்கட்டுகிற கண்ணாத்தாள் உள்ளே வந்து தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். ஜெயராணி தரையில் தவழ்ந்துகொண்டே தெருவுக்குப் போய், ராணி மெஸ்ஸில் கறி சாப்பிட்டவர்கள் எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள் என்று கத்தினாள். தன் பேர் வைத்த கடை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு கத்தினாள். நாற்பத்து மூன்று பேரைச் சேர்த்தார்கள். அவள் சொன்னதால்தான் இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று டாக்டர் சொன்னாராம். இரண்டு பேர் பிழைக்கவில்லை. ஒருவர் ஞானஸ்நானக் குழந்தையின் அத்தை. இன்னொருவர் சோலையப்பன் சார்.

நேற்று இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு விஷயம் சொன்னார்கள். சாருக்கு ஒரு வருஷமாக ரத்தக் கொதிப்பாம். வீட்டில் உப்பில்லாமல்தான் சமைப்பார்களாம். உப்பில்லாமல் பழகின நாக்குக்கு எந்தக் குழம்பும் தூக்கலாகத்தான் இருக்கும். "ஒங்க வீட்டம்மா கடைசி வரைக்கும் ஒரு பொய் சொல்லலை" என்றார்கள். படியில் கஞ்சி ஊற்றியது நான். கதவைப் பூட்டியது நான். கறி கெட்டது தெரிந்தே எலையில் வைத்தது நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று நினைத்துப் பார்த்தால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அத்தனைக்குப் பிறகும் அவள் எனக்கு அளவு சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

ரீட்டா கைக்குழந்தையோடு வந்து அம்மாவைக் கூட்டிப் போகிறாளாம். இன்று காலை ஜெயராணி வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். வாக்கர் தரையில் தட்டித் தட்டி வருவதும் போவதும் உள்ளே எனக்குக் கேட்டது. என் பக்கம் வரவில்லை. வெட்கமாக இருந்திருக்கும்.

சிறையில் சமையல் தெரிந்தவர்களுக்கு அடுப்படி வேலை கொடுப்பார்களாம். நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். ஜெயராணி மனு போட்டு வந்தால் போதும். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டினால் ஒரு சொட்டு விட்டுவிடுவேன். பதினொரு மணிக்கு வரச் சொல்லுங்கள். இப்போதுதான் அவளுக்கு நடக்க முடிகிறதே.