இருபதாம் தேதிக்குள் மூன்று பல்

அப்துல் கஃபார் : ...சரி, அந்தக் கழட்டி மாட்டுற பல் பிளேட்ட ராத்திரி தண்ணியில ஊறப் போடுவே. காலையில மறந்துட்டு இங்க வந்துருவே. நர்ஸ் அமீரா எதிர்ல நின்னு "குட் மார்னிங் அங்கிள்"னு சொல்லும். நீ வாயத் திறந்தா ரயில் குகை மாதிரி இருக்கும். தேவையா வேலு?

ரத்னவேல் : மூணு பல்தான் பாய் போச்சு. குகையெல்லாம் இல்ல, ஒரு வாசல்.

கஃபார் : முன்வாசல்டா! பேசாம இம்ப்ளாண்ட் போடு லா. எலும்புல திருகி வச்சா ஆயுசுக்கும் அசையாது.

ரத்னவேல் : என் ஆயுசையே இந்த டயாலிசிஸ் மிஷின்தான் வாரத்துக்கு மூணு நாள் முறுக்கி விடுது. பல்லு மட்டும் அசையாம நின்னு என்ன பண்ணப் போவுது?

அமீரா : அங்கிள், ஊசி போட்ட கைய ஆட்டாதீங்க. மிஷின் கத்தும்.

ரத்னவேல் : நான் ஆட்டலம்மா. பாய்தான் என்னை ஆட்டி வைக்கிறாரு.

அமீரா : எடை வேற ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு. முட்டை, மீன் சாப்பிடச் சொன்னா வெறும் கஞ்சியாக் குடிக்கிறீங்க. பல்லு வேணும் அங்கிள், சீக்கிரம் முடிவு பண்ணுங்க.

கஃபார் : கேட்டுக்க. பாரு வேலு, உனக்கு ஜன்னலோர நாற்காலி. நாலு மணி நேரமும் எம்.ஆர்.டி. ரயில் போறதப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கே. எதிர் நாற்காலியில எனக்கு என்ன தெரியுது? உன் மூஞ்சி. மூணு வருஷமா அதையே பாக்குறேன். அதுல ரிப்பேர் பண்றதுன்னா என்னைக் கேக்க வேணாமா?

ரத்னவேல் : டாக்டர் ரெண்டையும் விளக்கமாத்தான் சொன்னாங்க. பிளேட்டுன்னா அரசாங்க மானியச் சாஸ் கார்டுல பெரும்பாதி கழியும். இம்ப்ளாண்டுக்கு அந்தக் கார்டு செல்லாது. அந்தக் காசுல நானும் என் பொண்டாட்டி கமலாவும் மதுரைக்குப் போயி நாலு நாள் சுத்திட்டு வந்துரலாம்.

கஃபார் : பல்லு இல்லாம மதுரைக்குப் போயி என்னத்தத் திம்பே?

ரத்னவேல் : இட்லி.

கஃபார் : மெடிசேவ் சேமிப்புலருந்து எடுக்கலாம்ல?

ரத்னவேல் : கொஞ்சம் எடுக்கலாம். அது மட்டும் இல்ல பாய்... நம்ம வியாதிக்கு எலும்பு பலவீனம். திருகாணி நிக்காதாம்.

கஃபார் : எக்ஸ்ரே பாத்துட்டு எலும்பு நல்லா இருக்குன்னு சொன்னாங்கன்னு திங்கக்கிழமை நீதானே சொன்னே?

ரத்னவேல் : ...திங்கக்கிழமையா?

அமீரா : பாத்தீங்களா, கத்துது! கைய நீட்டி வைங்க அங்கிள்.

கஃபார் : கவனிச்சியாம்மா? இவன் பொய் சொன்னா கை மடங்குது. கை மடங்குனா மிஷின் கத்துது. போலீஸ்ல கூட இப்படி ஒண்ணு இருக்காது.

ரத்னவேல் : பொய்யெல்லாம் இல்ல. இம்ப்ளாண்டுன்னா மாசக்கணக்கா இழுக்கும். பிளேட்டுன்னா இருபதாம் தேதிக்குள்ள கைக்கு வந்துரும்.

கஃபார் : இருபதாம் தேதி என்ன விசேஷம்?

ரத்னவேல் : அது... ஒரு கல்யாணம். எங்க அக்கா மகன் ஜெய்க்கு. போட்டோ எடுப்பாங்கல்ல...

கஃபார் : எந்த ஜெய்?

ரத்னவேல் : எத்தனை ஜெய் இருக்கான்? அதே ஜெய்தான்.

கஃபார் : போன வருஷம் சிராங்கூன் ரோட்டு மண்டபத்துல தாலி கட்டுனானே, அவனா? இருநூறு பேருக்குச் சைவ மீ கோரெங் நூடுல்ஸ் என் கடையிலருந்துதானே போச்சு! முட்டை போடாம, இறால் போடாம, மனசக் கல்லாக்கிக்கிட்டுக் கிண்டினேனேடா!

அமீரா : மறுபடியும் கத்துது அங்கிள்!

கஃபார் : அணைக்காதம்மா, சாட்சிக்கு வேணும்.

ரத்னவேல் : விடுங்க பாய்...

கஃபார் : விட மாட்டேன். காசுதான் தடைன்னா மிச்சத்த நான் போடுறேன். கமலா தங்கச்சிக்குத் தெரிய வேணாம். இன்னிக்கே கிளினிக்குக்கு போன் போடு.

ரத்னவேல் : வேணாம் பாய்.

கஃபார் : ஏன், என் காசு கசக்குதா?

ரத்னவேல் : ஐயோ, அதில்ல... பாய், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல.

கஃபார் : கையில ரெண்டு ஊசி நிக்குது, எங்கடா திரும்புறது? கண்ண மூடிக்கிறேன். சொல்லு.

ரத்னவேல் : கமலா... ஒரு கிட்னி தரா. டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சு பொருத்தம் சரியா இருக்குன்னுட்டாங்க. இருபத்தஞ்சாம் தேதி ஆபரேஷன். அதுக்கு முன்னாடி வாயில சீழ் புடிச்ச பல்லு ஒண்ணுகூட இருக்கக்கூடாதாம். அதுக்குத்தான் மூணையும் புடுங்கினது. இப்பப் போயி எலும்பத் துளைச்சுக்கிட்டு இருக்க முடியாது. பிளேட்ட மாட்டி, நாலு வாய் நல்லாத் தின்னு, உடம்பத் தேத்தணும். அப்புறம்...

கஃபார் : அப்புறம்?

ரத்னவேல் : ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள்ல என்னை அவ பெட்டுக்குத் தள்ளிட்டுப் போவாங்களாம். அவளப் பாத்து முழுசாச் சிரிக்கணும் பாய். கிட்னியக் குடுத்துட்டுப் படுத்திருக்கிறவ என் பொக்கை வாயப் பாத்தா, ஏமாந்துட்டோம்னு நினைச்சுக்க மாட்டாளா?

கஃபார் : இத இவ்வளவு நாளா ஏன்டா சொல்லல?

ரத்னவேல் : சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வருவேன். நீங்க எட்டு வருஷமா கிட்னி லிஸ்ட்ல காத்துக்கிட்டு இருக்கீங்க. நான் மூணு வருஷத்துல எந்திரிச்சுப் போறேன்னு எந்த வாயால சொல்றது? பாய்... தூங்கிட்டீங்களா?

அமீரா : இப்ப மிஷின் கத்தவே இல்ல அங்கிள்.

ரத்னவேல் : ஏதாவது பேசுங்க பாய். திட்டவாவது திட்டுங்க.

கஃபார் : திட்டத்தான் போறேன். தங்கச்சி போன வாரம் தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்க வந்துச்சு. என் கடையில உக்காந்து எல்லாத்தையும் கொட்டிட்டு, "அவரா சொல்ற வரைக்கும் தெரியாத மாதிரி இருங்கண்ணே"ன்னுட்டுப் போச்சு. ஒரு வாரமா உன் வாயக் கிண்டிக் கிண்டிப் பாக்குறேன், ஒரு சொல் வரல! காசு போடுறேன்னதும் உன் வாயக் கிண்டத்தான்; நீ மட்டும் அதுக்குச் சரின்னிருந்தா, எனக்கு நெஞ்சு வலியே வந்திருக்கும்...

ரத்னவேல் : அப்ப உங்களுக்கு... வருத்தமே இல்லையா பாய்?

கஃபார் : இல்லாம? மொத நாள் இருந்துச்சு. மறுநாளே அமீராகிட்டச் சொல்லி, இருபத்தஞ்சுக்கு அப்புறம் அந்த ஜன்னலோர நாற்காலிய என் பேருக்கு எழுதி வச்சாச்சு. இனிமே நீ என்னைப் பாக்க இந்தப் பக்கம் வந்தேன்னா, பிளேட்ட மாட்டிக்கிட்டு வா... உனக்கு ஸ்டூல்தான்!