டிரெய்னரின் நலன் கருதி

எனக்குச் சைக்கிள் துடைப்பது பிடிக்கும், மாமா. பழைய பனியனைக் கிழித்து வைத்துக்கொண்டு, செயினைக் கண்ணி கண்ணியாகத் துடைத்தால் மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி. கெட்ட எண்ணம் உள்ளவன் உட்கார்ந்து இப்படித் துடைத்துக்கொண்டிருப்பானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உங்கள் மகள் உங்கள் வீட்டு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கிறீர்கள். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

முதலில் டிரெய்னரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதில் மாட்டி, வீட்டுக்குள்ளேயே மிதிக்கிற சாதனம். எதிரே திரையில் மலைப்பாதை ஓடும். ஏற்றம் வந்தால் மிதி கனக்கும். அதற்கென்று தனியாகப் பல்சக்கர அடுக்கு உண்டு, நம் செயின் அதில்தான் ஏற வேண்டும். எனக்காக நான் வாங்கியது. என் சைக்கிளுக்கு எட்டு கியர், அதிலும் எட்டு. நாங்கள் இருவரும் ஒற்றுமையாகத்தான் இருந்தோம்.

பிறகு உங்கள் மகள் ஒரு சைக்கிள் வாங்கினாள். பன்னிரண்டு கியர். அதன் செயின் மெலிசு, என் அடுக்கில் ஒழுங்காக நிற்காது. அதனால் காலையில் அவள் மிதிக்கும் முன் என் அடுக்கைக் கழற்றி அவளுடையதைப் போட வேண்டும். சாயங்காலம் நான் ஏறும் முன் திரும்ப மாற்ற வேண்டும். இரண்டு வேலையையும் அவளே செய்தாள். ஆபீசுக்குக் கை கறுப்பாகவே போகிறாள் என்று அத்தை வருத்தப்பட்டது எனக்கும் தெரியும். ஆனால் டிரெய்னருக்குப் பின்னால் வந்தவள் அவள்தானே.

சீக்கிரத்திலேயே திரையில் இருக்கிற மலையை அவள் என்னைவிட வேகமாக ஏற ஆரம்பித்தாள். எட்டு கியரை வைத்துக்கொண்டு பன்னிரண்டோடு எப்படி மல்லுக்கட்டுவது என்று எல்லோரிடமும் சொன்னேன். நியாயம்தானே என்று நீங்களும் தலையாட்டினீர்கள்.

கெடுத்தவர் சைக்கிள் கடைக்காரர். "ஒத்தைப் பல்சக்கரம் ஒண்ணு போட்டா போதும் சார். யார் சைக்கிளை வேணா மாட்டலாம், கியரெல்லாம் மெஷினே பார்த்துக்கும்" என்றார். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நான் வேண்டாம் என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே கியர் என்று ஆகிவிட்டால், வித்தியாசத்துக்கு வேறு காரணம் தேட வேண்டிவரும். ஒரு குடும்பத்தில் அந்த மாதிரித் தேடலெல்லாம் நல்லதில்லை.

அடுக்கைக் கழற்றும் சாவி அவ்வப்போது காணாமல் போனது உண்மை. சலவைத்தூள் டப்பாவுக்குள் அது கிடைத்ததும் உண்மை. அது எப்படி அங்கே போயிருக்கும் என்று அவளோடு சேர்ந்து நானும் ஆச்சரியப்பட்டேன். சாவி கிடைக்காத நாட்களில் அவள் சும்மா இருக்கவில்லை. என் எட்டு அடுக்கிலேயே, செயின் கடகடவென்று தாவத் தாவ மிதித்து, அப்போதும் என்னை முந்தினாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது திருகாணி விஷயம். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகத்தில் இரண்டு சின்னத் திருகாணிகள் இருக்கும். செயின் எதுவரைக்கும் போகலாம் என்று எல்லை கட்டுவது அவைதான். ஒன்றைக் கொஞ்சம் இறுக்கினால் பெரிய பல்சக்கரங்களுக்குச் செயின் ஏறாது. மலையேற்றத்தில் காலைக் காப்பாற்றுவது அந்தப் பெரிய சக்கரங்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செயின் கண்டபடி தாவினால் டிரெய்னரின் பற்கள் என்னத்துக்கு ஆகும்? அதனால் அவள் சைக்கிளில் அதை இறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சைக்கிள் சங்கத்து மலைப்பந்தயம். இரண்டு பேருமே கலந்துகொண்டோம். சமதரையில் அவளுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஏற்றம் ஆரம்பித்ததும் கியரை அழுத்தினாள், அழுத்தினாள், வரவே இல்லை. கடைசியில் இறங்கிவிட்டாள். நான் பக்கத்தில் கடந்துபோகும்போது, "மெதுவா வா, அவசரமில்ல" என்று ஆறுதலாகச் சொன்னேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன் மாமா, எனக்கு அப்போது ரொம்ப சந்தோஷமாக இருந்தது. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு இல்லை.

அடுத்த வளைவில் பின்னால் தடதடவென்று சத்தம். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "தள்ளுங்க" என்றாள். தள்ளினேன்.

நான் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, நாலு பேரோடு பேசியும் முடித்திருந்தாள்.

"இதை நீங்க தொட்டீங்களா?" என்று கேட்டாள்.

டிரெய்னருக்காகத்தான் என்றேன்.

கோபப்படவில்லை. "ஜெயிக்கணும்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே மெதுவா வந்திருப்பேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு கொடூரமான பேச்சு என்று பாருங்கள். பிறகு ஒரு வண்டி பிடித்து, சைக்கிளோடு நேரே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் செய்தது அவளுக்குப் புரிகிற மாதிரி நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு பொருளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிற கணவன் கிடைப்பது லேசான காரியமா?

எப்போது இறுக்கினேன் என்றா கேட்கிறீர்கள்? சனிக்கிழமை சாயங்காலம். பின்சக்கரத்தை மாட்டி, பந்தயத்துக்குத் தயாராகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். ஆமாம், டிரெய்னர் அப்போது வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமையே மச்சினன் இரவல் கேட்டு இங்கே எடுத்து வந்துவிட்டான். வண்டியில் ஏற்றும்போது ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் நீங்கள்தான் பிடித்தீர்கள். அதனால் என்ன மாமா, எங்கே இருந்தாலும் அதன்மேல் எனக்கு அக்கறை இருக்காதா.