உருண்டது சக்கரம் மட்டும்தான்

– தொடாத, கையெல்லாம் துரு ஒட்டும். அங்கிருந்தே பாரு. உன் வீட்டுக்காரரு தினம் வேலைக்குப் போய்ட்டு வர்ற வண்டியாம் இது.

– சும்மா சர்வீஸ் பண்ணித் தான்னுதானே சொன்னேன், அண்ணா? இன்ஜினை எதுக்குப் பிரிச்ச?

– பிரிக்காம பூஜையா பண்றது? மிதிச்சா கிக்கர் கல்லு மாதிரி நிக்குது. டீசலை ஊத்தி ஊற வச்சு, கட்டையால தட்டித் தட்டித்தான் பிஸ்டனையே பிடுங்கினேன்.

– பழைய வண்டி, துரு பிடிக்கத்தான் செய்யும்.

– வெளியில பிடிக்கும்மா. ஓடுற இன்ஜினுக்குள்ள எப்படிப் பிடிக்கும்? இந்தா, டார்ச் அடிக்கிறேன், எட்டிப் பாரு. பிஸ்டன் நின்ன இடத்துல அப்படியே வளையமா துரு கட்டியிருக்கு. உள்ள மழைத்தண்ணி இறங்கியிருக்கு. மாசக்கணக்கா எவனும் ஸ்டார்ட் பண்ணல.

– நேத்து சாயங்காலம்கூட இதுலதான் வந்தாரு.

– வந்தாரா, தள்ளிட்டு வந்தாரா?

– வாய்க்கு வந்தபடி பேசாத!

– நான் பேசல, வண்டி பேசுது. செயின் பளபளன்னு இருக்கு. டயர்ல சேறு ஈரங்கூடக் காயல. சக்கரம் உருண்டிருக்கு, இன்ஜின் ஓடல. ஓடுற வண்டியை யாராவது லோடு ஆட்டோவுல ஏத்தி அனுப்புவாங்களா?

– எனக்கு ஓட்டத் தெரியாது. அவருக்கு நேரமில்ல. அதான் அனுப்பினேன்.

– நேரமில்லையா! என்னை நேருக்கு நேர் பாக்க முகமில்லன்னு சொல்லு.

– கல்யாணத்தன்னிக்கே உனக்கு அவரைப் பிடிக்கல. இன்னிக்கு ஒரு துரு கிடைச்சிடுச்சு, விடுவியா?

– பேச்சை மாத்தாத. தள்ளிட்டு வந்தாரா இல்லையா?

– தெருமுனையிலயே ஆஃப் பண்ணிட்டுத் தள்ளிட்டு வருவாரு. சின்னவ தூங்குறா, சத்தம் கேட்டா முழிச்சுக்குவான்னு. போதுமா?

– ஆஹா, என்ன கரிசனம்! சரி, காலையில?

– என்ன காலையில?

– காலையில கிளம்பும்போது ஸ்டார்ட் பண்ணுவாருல்ல? அந்தச் சத்தத்தை நீ கடைசியா எப்ப கேட்ட?

– எனக்கு ஆயிரம் வேலை இருக்கும். வாசல்லயேவா நின்னுட்டிருப்பேன்?

– அட முட்டாளே! அந்த ஆளுக்கு வேலையே இல்ல. சாப்பாட்டுப் பையைத் தோள்ல மாட்டிட்டு, வண்டியை எங்கேயோ ஓரமாப் போட்டுட்டு, பொழுது சாயுற வரைக்கும் உக்காந்துட்டு வர்றான். வண்டி மழையில நனைஞ்சு இந்தக் கதிக்கு வந்திருக்கு. நீ என்னடான்னா அவனுக்கு வக்காலத்து வாங்குற.

– மரியாதையாப் பேசு. இல்லன்னா இன்ஜினை இப்படியே மூட்டை கட்டிக் கொடு, வேற கடைக்குப் போறேன்.

– போயேன். சிலிண்டர் போரைக் கடையணும், புது பிஸ்டன் போடணும், பேரிங் வேற கரகரங்குது. திங்கக்கிழமைக்குள்ள எவன் செஞ்சு கொடுப்பான்?

– நீ செய்வ.

– செய்யறேன். அந்த மாப்பிள்ளையை முதல்ல இங்க வரச் சொல்லு. என் எதிர்ல நின்னு, தங்கச்சியை ஏமாத்திட்டேன்னு அவன் வாயால சொல்லட்டும். அப்புறம் ஸ்பேனரைத் தொடுறேன். என்ன முறைக்கிற? இப்பவே போன் போடுறேன்.

– போனைக் கீழ வை.

– ஏன்?

– வைண்ணா! அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்ட, அப்புறம் இந்தக் கடை வாசலை நான் மிதிக்க மாட்டேன். உனக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்கறதையே மறந்துடு.

– பைத்தியமா உனக்கு? உன்னைக் கேணச்சி ஆக்கிட்டிருக்கான். கொஞ்சங்கூட உறைக்கலையா?

– திங்கக்கிழமை புது இடத்துல சேர்றாரு. மொட்டைமாடியில நின்னு போன்ல பேசினாரு, காதுல விழுந்துச்சு. வண்டி இருந்தாத்தான் அந்த வேலை. தப்பித்தவறி அதுவும் போச்சுன்னா மனுஷன் தாங்க மாட்டாரு.

– புது இடமா? அப்போ... பழைய வேலை போனது உனக்குத் தெரியுமா?

– அண்ணா, தினம் காலையில அவரு வண்டியைத் தள்ளிட்டுத் தெருமுனையைத் தாண்டுற வரைக்கும், சமையல்கட்டுல வெறும் மிக்ஸியை ஓட விட்டுட்டு நிக்கிறவளே நான்தான்.