இரண்டாவது வளைவு

என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. அக்கா பக்கத்து வீட்டாரிடம், "தம்பி கம்பி கம்பெனியில வக்கீலா இருக்கான்" என்பாள். அத்தான், அதாவது அவள் கணவர், என்னைக் 'கம்பி வக்கீல்' என்றே கூப்பிட்டார். "பாத்து இருங்க வக்கீலே, ஒரு நாள் கம்பி எண்ண வெச்சிடப் போறாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். நல்ல மனிதர், சூதுவாது தெரியாதவர்.

நீங்கள் கேட்டதால் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இதயத் துடிப்பு குறைந்தவர்களுக்குக் கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள். அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போகும். இதயத்தைத் தட்டியெழுப்பும் மின்சாரம் அந்தக் கம்பியில்தான் ஓடுகிறது. எங்கள் நிறுவனம் அந்தக் கம்பியைச் செய்கிறது. புதிய கம்பி ஒன்றை யாராவது வடிவமைத்தால் அதற்குக் காப்புரிமை வாங்கித் தருவது என் பொறுப்பு.

காப்புரிமை லேசில் கிடைக்காது. பொருள் புதியதாக இருந்தால் மட்டும் போதாது, தொழில் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்து 'இதென்ன பிரமாதம்' என்று உதட்டைப் பிதுக்கும்படியும் இருக்கக் கூடாது. எங்கள் சிக்கலே அதுதான். பழைய கம்பி சிலருடைய உடம்புக்குள் தேய்ந்து அறுந்துபோயிருந்தது. எங்கே அறுகிறது என்பதை எங்கள் பொறியாளர், கெட்டிக்காரப் பெண், கண்டுபிடித்தார். கழுத்தெலும்புக்கும் விலா எலும்புக்கும் நடுவே கம்பி வளைந்து போகும் இடம். அங்கே இன்னொரு உறை போட்டார். இடம் தெரிந்துவிட்டால் உறை போட சைக்கிள் கடைக்காரருக்கே தோன்றும். ஆக, கண்டுபிடிப்பு என்பது உறை இல்லை, அந்த இடம்தான். விண்ணப்பம் போடுவதற்கு முன் இடம் வெளியே தெரிந்தால் அத்தனை உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர். ரகசியம் காப்பதாக ஒப்புக்கொள்ளாத ஒரே ஒருவரிடம் சொன்னாலும் ஊருக்கே சொன்ன கணக்குத்தான். சட்டத்தை நான் எழுதவில்லை.

பொறியாளர் அன்றே என் அறைக்கு வந்தார். "இன்னைக்கே விண்ணப்பத்தப் போட்டுடலாம் சார். போட்டுட்டா நாளைக்கே டாக்டருங்களுக்குச் சொல்லிடலாம். பழைய கம்பி வெச்சவங்களக் கூப்பிட்டுப் பாத்துடுவாங்க."

நான் அவசரப்பட வேண்டாம் என்றேன். காரணமும் அவர் சொன்னதுதான். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோள் தசைக்கு அடியில் கம்பி இன்னொரு முறை வளைகிறது, அங்கேயும் அறும் என்று அவருக்குச் சந்தேகம். ஆய்வகத்தில் இருந்த வளைக்கும் இயந்திரத்தால் அதைக் காட்ட முடியவில்லை. முதல் வளைவுக்கு மட்டும் காப்புரிமை வாங்கினால், போட்டி நிறுவனம் அடுத்த வளைவில் உறை போட்டு நமக்குப் பெப்பே காட்டும். பாதித் தோட்டத்துக்கு வேலி போட்டு என்ன பயன்? இரண்டையும் சேர்த்துக் கேட்க ஆதாரம் வேண்டும். ஒரு மனித உடம்புக்குள் இரண்டாவது வளைவில் அறுந்த கம்பி. வரும்வரை பொறுப்போம் என்றேன்.

"யாருக்காவது அறுந்தாத்தானே சார் வரும்?"

"எப்படியும் யாருக்காவது அறும். நாம அறுக்கலையே."

அவர் தன் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் சொன்னது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அத்தானுக்கு வைத்திருந்தது எங்கள் பழைய கம்பி. "என் தம்பி கம்பெனி கம்பிதான் வேணும்" என்று அக்கா டாக்டரிடம் அடம்பிடித்து வாங்கியது. அத்தானுக்குத் தொழில் வீடுகளுக்கு வர்ணம் அடிப்பது. அதிலும் கூரையின் உட்புறம் அடிப்பதில் கைதேர்ந்தவர். நாள் முழுக்க அண்ணாந்து நின்று, கையைத் தூக்கியபடியே இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுச் சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்தோம். அத்தான் பெட்டி வைத்திருந்த இடது பக்கத் தோளைத் தொட்டுக் காட்டினார். "கையத் தூக்கினா இங்க வெடுக் வெடுக்குனு துடிக்குது. வேலையக் கொஞ்ச நாள் நிறுத்தட்டுமா? டாக்டரப் பாக்கணுமா?"

கம்பியின் உறை கிழிந்து மின்சாரம் தசைக்குள் கசிந்தால் அப்படித்தான் துடிக்கும். எனக்குத் தெரியும். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த மாதம் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் ஏணியிலிருந்து விழுந்தார். விழுந்ததால் இதயம் நின்றதா, இதயம் நின்றதால் விழுந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. அக்கா தொலைபேசியில் பேச்சு வராமல் அழுதாள். எனக்கும் வருத்தம்தான், பொய்யில்லை. எரியூட்டும் முன் பெட்டியை எடுத்துவிடுவார்கள், விட்டால் நெருப்பில் வெடிக்கும். கம்பியை மட்டும் வெட்டி உள்ளேயே விட்டுவிடுவது வழக்கம். நான் அவளிடம், "அக்கா, கம்பிய வெட்ட வேண்டாம்னு சொல்லு. முழுசா எடுக்கச் சொல்லு. நான் வந்து வாங்கிக்கிறேன்" என்றேன்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "எந்தம்பி அந்த நேரத்துலயும் கலங்கல. என்ன ஆச்சுன்னு அவந்தான் கண்டுபிடிக்கப் போறான்."

கம்பி இரண்டாவது வளைவில் அறுந்திருந்தது. பொறியாளர் அதை உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, யாருடையது என்று கேட்டார். ஒரு நோயாளியுடையது என்றேன். மறுநாளே விண்ணப்பம் போட்டோம். இரண்டு வளைவுகளுக்கும் சேர்த்தே காப்புரிமை கிடைத்தது. விண்ணப்பம் போட்ட கையோடு டாக்டர்களுக்கு எச்சரிக்கையும் அனுப்பினோம். அது போய்ச் சேருவதற்குள் இன்னும் சிலர் இறந்துபோனார்கள். அவர்களுடைய கம்பிகள் எனக்குத் தேவைப்படவில்லை.

அக்கா இப்போதும் எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்காருவாள். "ஏதாவது தெரிஞ்சுதாடா?" என்பாள். இன்னும் இல்லை என்பேன். அதை அவள் நம்புவதைப் பார்க்கத்தான் முடியவில்லை. அந்த வீட்டில் இனி எனக்குச் சோறு இறங்காது, உண்மை தெரிந்தபின் அவளுக்கு உறக்கமும் வராது. பொறியாளர் காவல் நிலையத்துக்கு வந்து உங்களிடம் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

டாக்டரிடம் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்தச் சட்டம் உடைந்திருக்கும் என்று கேட்டீர்கள். ஒன்றும் உடைந்திருக்காது. அது எனக்கு அன்றே தெரியும். அன்று நான் வாயை மூடிக்கொண்டும் நிற்கவில்லை. "டாக்டரெல்லாம் எதுக்கு அத்தான், பெட்டி வெச்சவங்களுக்கு அப்படித்தான் துடிக்கும்" என்றேன். "வலது கையிலயே அடிச்சா அந்தத் தோள் தேஞ்சிடும். இடது கையையும் நல்லாத் தூக்கி, மாத்தி மாத்தி அடிங்க."

அத்தான் ஈரக் கையால் என் முதுகில் தட்டி, "வீட்டுக்குள்ளயே வெவரமான ஆள் இருக்கறது எவ்வளவு நிம்மதி" என்றார்.

ஆனால் ஒன்றை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பி எந்த இடத்தில் அறும் என்பதைக் கடைசிவரை நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த மட்டில் நான் என் கடமையில் தவறவில்லை.