முட்டுக்கல் வைத்த கைக்கு

கரிசல் காட்டுப் புழுதியிலிருந்து கடலோர மாநகரங்கள் வரை கம்பெனியின் பெயரைக் கொண்டு சேர்த்த கைகளுக்குச் சொந்தக்காரரே, பட்டாசு லோடு ஏற்றிய வண்டியைப் பச்சைப்பிள்ளையைத் தூக்கிப்போவதுபோல் ஓட்டிப்போன பண்பாளரே, ஏழாயிரம்பண்ணை ஆலையின் மூத்த ஓட்டுநர் திரு. ஊர்க்காவலன் அவர்களே! இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டின் இந்த ஆனி மாதத்தில் பணி ஓய்வு பெறும் தங்களுக்கு, திரி சுற்றுவோரும் லேபிள் ஒட்டுவோரும் பெட்டி கட்டுவோரும் லோடு ஏற்றுவோருமாகிய நாங்கள், வணக்கத்தோடும் வாஞ்சையோடும் வாசித்தளிக்கும் மடல் இது.

தங்கள் குணநலன்களை முறைப்படி அடுக்கத்தான் நினைத்தோம். ஆனால் முகத்துக்கு நேரே புகழ ஆரம்பித்தால், "அட விடுங்கப்பா" என்று எழுந்து வண்டி ஷெட்டுப் பக்கம் போய்விடுவீர்கள். ஆகவே சற்று நேரம் சபையின் பக்கம் திரும்பிக்கொண்டு, மும்பையில் நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லப்போகிறோம். தாங்கள் குறுக்கே பேசாமல் மாலையோடு அமர்ந்திருந்தால் போதும்.

சபையோரே, வெடிமருந்து புழங்கும் ஆலையில் வண்டியை நிறுத்த ஒரு முறை உண்டு. கியரில் போட வேண்டும், கைப்பிரேக்கை இழுக்க வேண்டும், அதற்கும் மேலே பின்சக்கரத்துக்கு முட்டுக்கல் வைக்க வேண்டும். லோடு வண்டி ஒரு முழம் தானாக உருண்டாலும் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு இது ஆலைக்குள் மட்டும்தான் சட்டம். ஊர்க்காவலன் அண்ணனுக்கோ உலகம் முழுவதற்கும் இதுதான் சட்டம். வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளுக்கும் அவர் கல் வைப்பார் என்று அவருடைய மனைவி முருகம்மாள் மதினி சொல்லிச் சிரிப்பதுண்டு.

ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய மார்கழியில், தீபாவளி சீசன் முடிந்து சும்மா நின்ற கம்பெனியின் சின்ன லாரியில் சிவகாசி காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு அவர் மும்பைக்குப் போனார். துணைக்குப் போனவர் தனுஷ்கோடி, இதோ மைக்கைப் பிடித்துக்கொண்டு இதை வாசிப்பவரேதான். ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தபோது குடோன் பூட்டியிருந்தது. மறுநாள் காலையில் லோடு இறக்கிக்கொள்ளலாம் என்று சந்தின் வாசலிலேயே ஓரமாக லாரியை நிறுத்தி, கல்லும் வைத்துவிட்டு, லாரியின் பக்கத் தட்டியில் சாய்ந்து அண்ணன் வேடிக்கை பார்த்தார்.

அவர் பார்த்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. சுவரோரமாக ஒரு வரிசை கார் நின்றது. அந்த வரிசையை வெளியே போகவிடாமல் மறித்து இன்னொரு வரிசை நின்றது. அதில்தான் அதிசயம். கோட்டுப் போட்ட ஒரு மனிதர் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார், நியூட்ரலுக்குத் தள்ளினார், கைப்பிரேக்கைத் தொடவே இல்லை, கதவைப் பூட்டிக்கொண்டு மாடியேறிப் போய்விட்டார். அடுத்து வந்தவரும் அப்படியே செய்தார்.

"ஏலே தனுஷ்கோடி, அங்கன பாருலே. பிரேக்கே போடாம போறாம்லே."

"பெரிய ஊருண்ணே. மறந்திருப்பாக."

"ஒருத்தன் மறக்கலாம், தெருவே மறக்குமாலே?"

அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. சந்து வேறு லேசான சரிவு. நடைபாதை போடுவதற்காகக் குவித்திருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப்போய், வரிசையில் நின்ற அத்தனை கார்களின் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கச்சிதமாக முட்டுக் கொடுத்தார். முன்பின் தெரியாத ஊருக்கு ஒரு புண்ணியம் செய்த நிறைவோடு கையைத் தட்டிவிட்டு வந்து படுத்தார். இந்த உலகத்தில் வேறெந்த ஊர்க்காரனுக்கும் இப்படி ஒரு புண்ணியம் தோன்றியிருக்காது.

விடிந்ததும் சந்து முனையில் இட்லிக் கூடையோடு உட்கார்ந்திருந்தவர் நம் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன பாலம்மாள். தமிழ்க் குரல் கேட்டு இருவரும் ஓடிப்போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டாவது இட்லியில் கை வைத்த தனுஷ்கோடி அப்படியே சுவரில் சரிந்தார். முகமெல்லாம் வேர்வை.

"அண்ணே, நெஞ்சைப் பிசையுதுண்ணே."

பக்கத்தில் இட்லி தின்றுகொண்டிருந்த டாக்ஸிக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சந்துக்குள் நின்ற தன் வண்டிக் கதவைத் திறந்தார். தனுஷ்கோடியைப் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். டாக்ஸிக்கு முன்னால் குறுக்கே நின்ற காரை ஆட்கள் தள்ளினார்கள். அது அசையவில்லை. அடுத்ததைத் தள்ளினார்கள். அதுவும் அசையவில்லை.

"இதென்ன கூத்து, தினமும் தள்ளுற காருதானே" என்று குனிந்து பார்த்த பாலம்மாள், செங்கல்லைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். ஊர்க்காரர் வேலை என்று புரிந்துவிட்டது.

"அண்ணே, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கீக? இங்கன இடம் கிடையாது. அதனால யாரும் பிரேக் போட மாட்டாக. வழி வேணுங்கிறவுக தள்ளிவிட்டுப் போய்க்கிடணும். அதுதான் இங்கன வழக்கம்."

காப்பாற்றுவதாக நினைத்து வைத்த ஒவ்வொரு கல்லும் தன் தம்பி நெஞ்சின்மேல் வைத்த கல் என்று அந்தக் கணத்தில் நினைத்ததாக அண்ணன் பின்னாளில் சொன்னார். ஆனால் நின்று அழுபவரா அவர்? மண்டியிட்டு, கார்களுக்கு அடியில் கைவிட்டு, நகம் பெயரப் பெயரக் கற்களைப் பிடுங்கினார். எங்கெங்கிருந்தோ ஆட்கள் இறங்கி வந்தார்கள். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தார். வந்தவர்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். யாருடைய கார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தன் காரை யார் தொட்டது என்று மாடியிலிருந்து ஒருவரும் சத்தம் போடவில்லை. தயிர்க்காரர் தள்ளினார், பள்ளிக்கூட வாத்தியார் தள்ளினார். கார்கள் அங்குலம் அங்குலமாக ஒதுங்க ஒதுங்க டாக்ஸி முன்னேறியது. அண்ணன் வாய் பிளந்து பார்த்தார். பூட்டிய காரையும் அடுத்தவன் கைக்கு விட்டுவைக்கிற ஊர் ஒன்று இருக்க முடியும் என்று அவர் அதுவரை நினைத்ததே இல்லை.

கடைசியில், ஒதுக்கிய கார்கள் சந்து வாசலின் ஒரு பாதியை அடைத்துக்கொள்ள, மறு பாதியில் ஒரே ஒரு வண்டிதான் வழியை மறித்து நின்றது. கியரில், கைப்பிரேக்கில், முட்டுக்கல்லில், அசைக்க முடியாத ஒழுக்கத்தோடு நின்றது. நம் கம்பெனி லாரி.

அண்ணன் ஏறிச் சாவியைத் திருகினார். வழியெல்லாம் மக்கர் செய்த பேட்டரி ஒரு முறை இருமிவிட்டு அடங்கியது. டாக்ஸிக்குள்ளிருந்து தனுஷ்கோடியின் குரல் வந்தது.

"அண்ணே, எனக்கு இங்க பாஷை தெரியாது. என்னை ஒத்தையில விட்டுறாதீக."

பின்னால் கம்பெனியின் முழு லோடு. முன்பின் தெரியாத நகரம். சபையோரே, தன் சைக்கிளைக்கூட நம்பாத மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். கைப்பிரேக்கை இறக்கினார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் குதித்து, முட்டுக்கல்லைக் காலால் எத்தித் தள்ளினார். பாலம்மாளிடம், "தாயி, வண்டி இனி உங்க தெருவோடது" என்று சொல்லிவிட்டு டாக்ஸிக்குள் ஏறித் தனுஷ்கோடியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். தெருவே கூடி லாரியைத் தள்ள, டாக்ஸி வெளியேறியது. அவர் திரும்பிப் பார்த்தபோது, யாரோ ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, நம் லாரி அந்நியர் கைகளில் மெல்ல உருண்டு போய்க்கொண்டிருந்தது.

இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். இந்த இடத்தில் தனுஷ்கோடிக்குக் குரல் தடைப்படும், சபையோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் அண்ணன் திரும்பி வந்தபோது, லாரி பெரிய சாலையின் ஓரத்தில் நின்றது. தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சுகூட அவிழவில்லை. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கச்சிதமாகச் செங்கல் வைக்கப்பட்டிருந்தது. அவருடைய வழக்கத்தை அவருக்காகக் காப்பாற்றி வைத்த அந்தக் கை யாருடையது என்று பாலம்மாளுக்கும் தெரியவில்லை. அண்ணன் அந்தச் செங்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பெருந்தகையே, இனித் தங்கள் பக்கம் திரும்புகிறோம். தாங்கள் ஓட்டிய தூரம் எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆயுள் முழுவதும் கட்டிக்காத்த வழக்கத்தை ஓர் உயிருக்காக ஒரு நொடியில் எத்தித் தள்ளிய அந்தக் காலை நினைத்துத்தான் இன்றும் மலைத்துப்போய் நிற்கிறோம். தாங்களும் மதினியும் நோய் நொடியின்றி, பேரன் பேத்திகளின் பிள்ளைகளையும் தோளில் தூக்கி, எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் முதல் ஆளாக வந்து வாழ வேண்டும்.

ஒரு விண்ணப்பம். மண்டபத்து வாசலில் எங்கள் வண்டிகள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்துத் தாங்கள் காலையிலிருந்து நிம்மதியில்லாமல் இருப்பதை அறிவோம். கல்லைத் தேடி எழுந்திருக்க வேண்டாம். அத்தனையும் நியூட்ரலில்தான் நிற்கின்றன. இன்றானாலும் என்றானாலும், எங்களில் யார் வண்டியை வேண்டுமானாலும் தாங்கள் தள்ளிவிட்டுப் போகலாம்.

தங்கள் அன்பிலிருந்து ஓய்வு பெற விரும்பாத,
ஆலைத் தொழிலாளர்கள், ஏழாயிரம்பண்ணை.

எழுதியவர்: லேபிள் பிரிவு செல்வலட்சுமி.
வாசித்தவர், தங்களால் உயிர் பிழைத்து இன்று வாசிக்க முடிந்தவர்: தனுஷ்கோடி.