தென்றல் கேட்ட ஹார்ட் டிஸ்க்

அப்பாவு: இத்தவிட கொறஞ்ச வெலைல ஒண்ணும் இல்லியா தம்பி?

ஜெபக்குமார்: அண்ணா, இது சீல் பிரிக்காத புது மாலு. ஒரு டிபி. இதுக்கு மேல கொறைக்கணும்னா என் சட்டையத்தான் கயட்டிக் குடுக்கணும்.

சில்வியா: அந்தச் சட்டைய எவன் வாங்குவான்?

ஜெபக்குமார்: பாத்தீங்களாண்ணா? என் வூட்டுக்காரி. ஆல்பம் டிசைன் பண்றேன்னு உள்ள கம்ப்யூட்டர்ல உக்காந்துகினு காத மட்டும் கல்லாவுல வச்சிருக்கும். தூத்துக்குடி வாயி.

அப்பாவு: ஹார்ட் டிஸ்க்குன்னு கேட்டா போதும்னு சொல்லிச்சி பொண்ணு. இதுல இத்தினி தினுசு கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?

ஜெபக்குமார்: சரி, உங்களுக்காக ஒண்ணு சொல்றேன். பழைய லாப்டாப்லேந்து கயட்டின டிஸ்க் ஒண்ணு கீது. புது கேஸு, புது ஒயரு. பாதி வெலைக்கும் கீழ தரேன்.

அப்பாவு: அது தாங்குமா?

ஜெபக்குமார்: கீழ மேல போடாம வச்சிக்கினா சூப்பரா தாங்கும்.

சில்வியா: தாங்குனா தாங்கும். உண்மையச் சொல்லி வில்லுங்க. அண்ணாச்சி, பழைய டிஸ்க்கு எப்ப மண்டையப் போடும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒரே காப்பிதான்னா அதுல வைக்காதிய.

ஜெபக்குமார்: வெளங்கிடும். நீ ஒரு நாள் கல்லாவுல உக்காந்தா போதும், நாம ஊருக்கு பஸ் ஏறிடலாம்.

அப்பாவு: ஒரே காப்பி தாம்மா. அது படுத்துட்டா?

சில்வியா: போனது போனதுதான் அண்ணாச்சி.

அப்பாவு: ...அப்ப வேணாம். புதுசே குடு தம்பி. போனவரைக்கும் போதும்.

ஜெபக்குமார்: அப்டிப் போடு! ஆமா, இன்னா போடப் போறீங்க இதுல? படமா?

அப்பாவு: பொண்ணு கல்யாண வீடியோ. டிஸ்க் வாங்கினு வந்தாதான் எல்லாத்தையும் போட்டுத் தருவோம்னு ஸ்டுடியோல சொல்லிட்டாங்க.

ஜெபக்குமார்: எல்லா ஸ்டுடியோலயும் அதான்ணா ரூலு. ஆல்பமும் ஒரு பென் டிரைவும் மாப்ள வூட்டுக்குப் பூடும். எடுத்தது மொத்தமா வேணும்னா டிஸ்க்க நீங்கதான் கொண்டாரணும். நானே அப்டித்தான் கறாரா சொல்லுவேன். எந்த ஸ்டுடியோ?

அப்பாவு: இதாம்பா.

ஜெபக்குமார்: எது?

அப்பாவு: உன் ஸ்டுடியோதான். முன்னாடி செல் கட, பின்னாடி ஸ்டுடியோ, ஒரகடம் கூட்ரோடுன்னு பொண்ணு சொல்லிக்கீது. உன்ன எனக்கு நல்லா ஞாபகம் கீது. தாலி கட்டறப்ப ஸ்டூலு மேல ஏறி நின்னு, பெரிசுங்க கிட்டல்லாம் திட்டு வாங்கினியே.

ஜெபக்குமார்: அது தெனிக்கும் வாங்கறது... எந்தக் கல்யாணம்ணா?

அப்பாவு: வடக்குப்பட்டு அப்பாவு வூட்டுக் கல்யாணம். பொண்ணு தென்றல். மாப்ள குன்றத்தூரு. போன ஆவணில.

சில்வியா: தென்றலா? அந்த போன் கம்பெனிப் பிள்ளயா?

அப்பாவு: ஆமாம்மா. போன் பூட்டற லைன்ல நின்னு வேல பாத்துக்கினு இருந்தா. கல்யாணத்துக்கு அப்பால அவங்க வூட்ல வேலைய நிறுத்திட்டாங்க.

சில்வியா: கூட வேல பாத்த பிள்ளைய எல்லாம் நைட் ஷிஃப்ட் முடிச்ச கையோட ஒரு வேன் நிறைய வந்து, தூக்கக் கண்ணோட ஆடுனாளுவளே... நாளு பூரா போனாத்தான் செய்யுதோம், எங்க போன மட்டும் கேட்லயே பிடுங்கி வச்சிருதாவ, நீங்களாவது எங்கள நல்லா எடுங்கக்கான்னு தென்றல் சொன்னா. சிரிச்ச முகம். நல்லா இருக்காளா அண்ணாச்சி?

அப்பாவு: ...ம்.

சில்வியா: குன்றத்தூர்லதான் இருக்காளா?

அப்பாவு: நேத்து வரைக்கும் அங்கதாம்மா. இன்னிக்கி இங்க வரா.

சில்வியா: அப்படிச் சொல்லுங்க! பிள்ள வாரான்னதும் அப்பா டிஸ்க் வாங்க ஓடி வந்துட்டாவ.

ஜெபக்குமார்: அண்ணா... அந்தப் புது டிஸ்க் கீதுல்ல... அத இன்னிக்கி வாங்காதீங்க.

அப்பாவு: ஏம்பா?

ஜெபக்குமார்: அடுத்த வாரம் ஆஃபர் வருது. வெல கொறையும்.

அப்பாவு: இப்பத்தான் சட்டையக் கயட்டணும்னு சொன்ன?

ஜெபக்குமார்: சொன்னேன்... அது சும்மா யாவாரத்துக்கு சொல்றதுண்ணா.

அப்பாவு: வெல கெடக்குது வுடு. இந்தா, துட்டு. மொதல்ல பில்லப் போடு... இரு, இரு, போன் அடிக்குது... ஆங், சொல்லு வனமாமல... ஒரகடத்துலதான் கீறேன்... பந்தலா? நீயே சொல்லிடு. வாசல அடச்சிக்கினு போட்டுடப் போறான், வண்டி உள்ள வரணும்... சேரு அம்பது போதும்... கம்பெனிப் பொண்ணுங்களுமா? யாரு சொன்னது அதுங்களுக்கு?... அப்ப நூறா சொல்லிடு... வந்துடறேன்யா. நான் வராம எதுவும் செய்யக் கூடாது, சொல்லி வையி.

சில்வியா: பந்தலா? ஏ அண்ணாச்சி, கள்ளன்! வளைகாப்பா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலியே!

அப்பாவு: ...

சில்வியா: பாருங்களேன், தாத்தாவாகப் போறவருக்கு வெக்கத்த. எத்தனாம் மாசம்?

அப்பாவு: மொதல்ல வேல ஆவட்டும்மா. நாலு மணிக்குள்ள நான் வூட்ல இருக்கணும். தம்பி, நீ டிஸ்க்க மாட்டு.

ஜெபக்குமார்: மாட்டலாம்ணா... பெரிய டேட்டா. காப்பி ஆவ ராத்திரி ஆயிடும். சிஸ்டமும் ரெண்டு நாளா படுத்துது... வெச்சிட்டுப் போங்க, நானே வூட்டாண்ட கொண்டாந்து தரேன்.

அப்பாவு: மொத்தமும் இப்ப வேணாம். ஒரு துண்டு போதும். கல்யாணத்தன்னிக்கி சாயங்காலம் மைக்க அவ கைல குடுத்து, உங்கப்பாவப் பத்தி நாலு வார்த்த சொல்லும்மான்னு கேட்டியாமே?

ஜெபக்குமார்: எல்லாக் கல்யாணத்துலயும் பொண்ணு கிட்ட கேப்பேன்ணா. நல்லா வரும் அது.

அப்பாவு: அவ பேசினாளாம். ரொம்ப நேரம் பேசினாளாம். கேட்டவங்கல்லாம் கண்ணத் தொடச்சிக்கினாங்களாம். நான் அந்த நேரத்துல ரசம் பத்தலன்னு பந்திக்கும் அடுப்புக்கும் ஓடிக்கினு இருந்தேன். அப்பால அவள கேட்டா சொல்ல மாட்டா. 'போப்பா, ஹார்ட் டிஸ்க் வாங்கிக் குடு, போட்டுக் காட்டறேன்'னு சிரிப்பா. எனக்கு அது வேணும். அத மட்டும் போடு. இங்கயே நின்னுக்கினு கேட்டுடறேன்.

சில்வியா: மாப்ள வீட்டுக்குக் குடுத்த பென் டிரைவ்ல அது இருக்குமே?

ஜெபக்குமார்: இல்ல. மாப்ளையோட அண்ணன்காரரு அத வெட்டிடச் சொல்லிட்டாரு. பொண்ணு வூட்டு சீனு ஜாஸ்தியா கீதுன்னாரு.

அப்பாவு: வெட்டிட்டாங்களா... சரி வுடு. உங்கிட்ட முழுசா கீது இல்ல?

சில்வியா: ஏங்க. சொல்லிருங்க.

ஜெபக்குமார்: நீ சும்மா இரு.

சில்வியா: நேரமாகுதுன்னு நிக்காவ. இன்னும் எவ்வளவு நேரம் அவுகள இழுத்தடிக்கப் போறிய?

அப்பாவு: இன்னாம்மா? இன்னா சொல்லணும்?

ஜெபக்குமார்: அண்ணா... டேட்டா இல்ல.

அப்பாவு: இங்க இல்லியா? வேற எங்க கீது? வண்டி கீது, நான் போய் எடுத்தாரேன்.

ஜெபக்குமார்: எங்கயும் இல்லண்ணா. அழிச்சிட்டேன். தை மாசம் வரிசையா முகூர்த்தம். என் டிஸ்க்கெல்லாம் ரொம்பி வழிஞ்சிது. யாரு டிஸ்க் கொண்டாரலியோ அவங்களுத எல்லாம்... எத்தினியோ வாட்டி சொல்லி அனுப்பினேனேண்ணா.

அப்பாவு: அழிச்சிட்டன்னா... திருப்பி எடுக்க முடியாதா? அதுக்குன்னு கடைங்க கீதுன்னு சொல்றாங்களே.

ஜெபக்குமார்: அதுக்கு மேல வேற கல்யாணம் ஏறிடுச்சி. ஒண்ணு இல்ல, நாலஞ்சு கல்யாணம்.

அப்பாவு: மேல வேற கல்யாணம் ஏறிடுச்சா...

சில்வியா: என்னையும் செருப்பால அடிக்கணும் அண்ணாச்சி. பிள்ள எனக்குத்தான் போன் போடுவா. மெதுவாப் பேசுவா, பக்கத்துல யாருக்கும் கேட்டுரக் கூடாதுன்னு பயந்த மாதிரி. 'அக்கா, அழிச்சிடாதீங்கக்கா, எங்கப்பா ஓ.டி. காசு வந்ததும் வாங்கித் தரேன்னு சொல்லிக்கீது'ம்பா. நானும் சரிம்மா சரிம்மான்னுட்டு, இவுககிட்ட சொல்ல மறந்துட்டேன்.

அப்பாவு: கடைசியா எப்பம்மா பேசினா?

சில்வியா: பொங்கலுக்கு முந்தி.

அப்பாவு: பொங்கலுக்கு வூட்டுக்கு வந்தப்பகூட கேட்டா. ஓ.டி. காசு வந்துச்சி. கம்பெனி தோட்டத்துல ஞாயித்துக்கெயம கூட புல்லு வெட்டி சம்பாரிச்ச காசு. வந்த காசு போர் மோட்டாருக்குப் பூட்ச்சி. அடுத்த மாசம்னேன். அடுத்த மாசமும் அடுத்த மாசம்னேன். இத விட்டா வேற எதையும் அவ எங்கிட்ட கேட்டதில்ல தம்பி.

ஜெபக்குமார்: அண்ணா, என் மேலதான் தப்பு. ஒரு போன் பண்ணிட்டு அழிச்சிருக்கணும்.

அப்பாவு: சரி... நீ கேமரா பின்னாடி நின்னுக்கினு இருந்த இல்ல? காதால கேட்டிருப்ப இல்ல? இன்னா சொன்னா? நீ சொல்லு, போதும்.

ஜெபக்குமார்: அது வந்து... எங்கப்பா எனக்கு சாமி மாதிரி... கஷ்டம் தெரியாம வளத்தாரு, அந்த மாதிரி...

சில்வியா: ஏங்க! கத விடாதிய. அவுககிட்டப் போயி...

அப்பாவு: சொல்லு தம்பி. மெதுவா யோசிச்சி சொல்லு.

ஜெபக்குமார்: ஞாபகம் இல்லண்ணா. ஹெட்போன மாட்டிக்கினு சவுண்டு ஏறுதா எறங்குதான்னுதான் பாத்துக்கினு இருப்பேன். இன்னா பேசறாங்கன்னு மனசுல ஏறாது. எத்தினி பொண்ணுங்க...

அப்பாவு: ஒரு வார்த்தகூடவா? என்ன அப்பான்னு சொன்னாளா, நைனான்னு சொன்னாளா? அதாவது?

ஜெபக்குமார்: மன்னிச்சிடுங்கண்ணா.

சில்வியா: அழாதிய அண்ணாச்சி. ஏன் இப்படி உடைஞ்சு போறிய? பேசுன பிள்ள இன்னைக்கு வீட்டுக்குத்தான வாரா? அன்னைக்கு என்னம்மா சொன்னன்னு உக்கார வச்சுக் கேட்டா சொல்லிட்டுப் போறா.

ஜெபக்குமார்: ஆமாண்ணா. வளைகாப்புக்கு நானே வரேன். ஒரு பைசா வேணாம். மைக்க திருப்பி அவ கைல குடுக்கறேன். இந்த வாட்டி நீங்க எங்கயும் ஓடாதீங்க. எதிர்லயே சேரப் போட்டு உக்காருங்க. இன்னாண்ணா? சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. மனசு கேக்கல எனக்கு.

அப்பாவு: போட்டோவாச்சும் கீதா? பெருசா, மூஞ்சி தெளிவா. செல்லுல கீறதெல்லாம் கூட்டத்தோட கூட்டமா நிக்கறா. ஆதார் கார்டுல கீறது அவ மாதிரியே இல்ல.

சில்வியா: கல்யாண பேனர் நாந்தான் டிசைன் பண்ணேன். அந்த ஃபைல் கெடக்கும், இருங்க... இந்தா. பச்சச் சேல. மாப்ளையும் பொண்ணுமா.

அப்பாவு: ...இதான். இந்தச் சிரிப்புதான். இத டிஸ்க்ல போட்டுக் குடும்மா.

ஜெபக்குமார்: ஒத்த போட்டோவுக்கு எதுக்குண்ணா டிஸ்க்கு? நம்பர் சொல்லுங்க, யாருக்கு வேணுமோ வாட்ஸப்புல தட்டி விடறேன். காசே வேணாம்.

அப்பாவு: அப்டிக்கூட குடுப்பீங்களா? டிஸ்க் இல்லாம போனா ஒண்ணுமே தர மாட்டீங்கன்னு நெனச்சிக்கினு, காலைலேந்து கட கடயா ஏறி எறங்கினு கீறேன். அங்க எல்லாரும் என்ன தேடிக்கினு கீறாங்க... பரவால்ல. டிஸ்க்லயே போடு. வாங்கித் தரேன்னு சொன்னது நான்தான.

சில்வியா: சரி அண்ணாச்சி. போடுதேன்.

அப்பாவு: அந்த மாப்ளய எடுத்துட்டு, இவள மட்டும் தனியா நிக்க வைக்க முடியுமா?

சில்வியா: எடுத்துரலாம்... ஆனா வளைகாப்பு பேனர்ல ரெண்டு பேரும் சோடியா இருந்தாத்தான நல்லாருக்கும்?

ஜெபக்குமார்: சில்வியா, கொஞ்சம் இரு... அண்ணா, இது எந்த பேனருக்கு?

அப்பாவு: பந்தக் கால்ல கட்டறதுக்கு தம்பி. நாலு மணிக்கு ஜி.எச்.லேந்து அவள கொண்டாராங்க. ராத்திரி தூக்கு மாட்டிக்கினான்னு அவங்க வூட்ல சொல்றாங்க. இன்னா நடந்துச்சோ, யாரக் கேக்கறது... அவ பேர சொன்னதுலேந்து இந்தம்மா தென்றல் எங்க கீது, நல்லா கீதான்னு விசாரிச்சிக்கினே இருந்துச்சி. இந்த ஒரு கடைலயாவது அவ உசுரோட இருந்துட்டுப் போவட்டுமேன்னு, நானும் வாயத் தொறக்காம நின்னுட்டேன்.