புகைபோக்கி ஓரம்

கூரையைப் பார்ப்பதென்றால் வெயில் சாய்ந்த பிறகு ஏறுவது நல்லது, சார். உச்சி வெயிலில் எல்லாக் கூரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் பள்ளம் நிழல் விடும்.

வீடு வாங்குகிறவர்களுக்கு அதன் குறைகளைக் கண்டு சொல்வது என் தொழில். மகளும் மாப்பிள்ளையும் வாங்கப்போன வீட்டையும் நான்தான் பார்த்தேன். ஷிங்கிள் கூரை, தார் ஏற்றிய தகடுகளை மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடித்திருப்பார்கள். புகைபோக்கியை ஒட்டி ஒரு பள்ளம் தெரிந்தது. குதிகாலை வைத்தேன். அமுங்கியது. மேலே ஷிங்கிள் புதிது, அடியில் பலகை மக்கிப்போயிருந்தது.

மாப்பிள்ளை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கல்யாணத்துக்கு முன்னாடி என்னைக்கூட நீங்க இப்படித் தட்டிப் பாக்கல, மாமா.”

“அங்கதான் கோட்டை விட்டுட்டேன், மாப்ள.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “கூரை எப்படிப்பா? நீங்க சரின்னாதான் வாங்குவோம்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு வீடு பார்ப்பார்கள். அது உறுதியாக இருந்து தொலைக்கும். மனைவி போன பிறகு அவர்கள் இருவரும் என்னோடுதான் இருந்தார்கள். மகள் குளிக்கும்போது பாடுவாள். வீட்டில் வேறு சத்தம் கிடையாது. இந்தக் கூரை முதல் பெருமழைக்கே ஒழுகும், பெட்டி படுக்கையோடு திரும்பி வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

“தாங்கும்” என்றேன்.

மழை வந்தது. ஒழுகியது. அவர்கள் வரவில்லை. கூடத்தில் வாளியை வைத்துவிட்டு மகள் போன் செய்தாள்.

“எங்க வீட்டுக்குள்ளயே அருவிப்பா.”

அதுவரை அவள் வாயில் ‘நம்ம வீடு’ என்றுதான் வரும். அது என் வீடு. இப்போது ‘எங்க வீடு’. அதில் நான் இல்லை.

மாப்பிள்ளை போனை வாங்கினார். “மழை விட்டிருக்கு, மாமா. நானே ஏறிப் பாத்துடறேன். எந்தப் பக்கம்?”

“புகைபோக்கி ஓரமாப் பாருங்க.”

“கால் வைக்கலாமில்ல?”

“தாங்கும், மாப்ள.”

உயரமான கூடம். பலகையோடு கீழே வந்தார். வாளியை மாற்ற வந்த மகளின் கண்ணெதிரே.

விபத்தா என்று கேட்டீர்கள். இல்லை. அந்த இடம் என் குதிகாலுக்குத் தெரியும். அங்கேதான் அனுப்பினேன்.

மாப்பிள்ளையின் காரியம் முடிந்து மகள் இப்போது என்னிடம் வந்துவிட்டாள். அவள் அறைக்கு மேலே ஒவ்வொரு ஷிங்கிளாகத் தூக்கிப் பார்த்துவிட்டேன், ஒரு குறையும் இல்லை. பாடுவதில்லை. பேசுவதும் இல்லை. நேற்றுதான் வாயைத் திறந்தாள்: “உங்க வீட்டுல எனக்குத் தூக்கம் வரலப்பா.”

போகப்போகச் சரியாகிவிடும். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், சார். நம்ம வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள்.